மிளகுச் சூட்டில் வளைந்த முகம்

எங்கள் வீட்டில் ஒரு ரோபோ இருக்கிறது. உயரம் ஆறடி இரண்டு அங்குலம். செய்தது நான். இந்த மூன்றாவது வாக்கியத்துக்காகத்தான் உட்கார்ந்து இவ்வளவும் எழுதுகிறேன். முதல் இரண்டையும் சொன்னால் ஊரில் எல்லோரும் நம்புகிறார்கள். மூன்றாவதைச் சொன்னால் சிரித்துக்கொண்டே என் வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்க்கிறார்கள்.

நான் தையல்காரி. மாத்தளைக்குக் கிட்டே பலாபத்வலையில் பெரிய வீதியிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி எங்கள் வீடு. முன் அறையில் தையல் மெஷின், பின் அறையில் ரோபோ. வீட்டுக்காரர் லொறி ஓட்டுகிறார். தம்புள்ளையில் மரக்கறி ஏற்றி, கண்டிப் பக்கம் இறக்கிவிட்டு வருவதிலேயே வாரத்தில் ஐந்து நாள் போய்விடும். பிளவுஸ் தைக்கிற பொம்பளைக்கு ரோபோ எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. உங்களுக்கு எதற்கு அந்தக் கவலை என்று நானும் திருப்பிக் கேட்பேன். வாய் அதிகம் என்று பெயர் வாங்கியாயிற்று, இனி என்ன!

பதினொரு வயதில் தோட்டத்தில் யாரோ வீட்டு டீவியில் பார்த்த ஆங்கிலப் படம் ஒன்றில் வந்த ரோபோ இது. படத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் படத்தைப் பற்றியே பேச ஆரம்பித்துவிடுவீர்கள். கதை எனக்கு ஒரு மண்ணும் புரியவில்லை. ஆனால் சுரங்கத்தில் சுமை தூக்குகிற ஒரு ரோபோ அதில் இருந்தது. மஞ்சள் பெயின்ட் உரிந்து, மூட்டெல்லாம் துருப்பிடித்து, முதுகில் பெரிய தொட்டியோடு வரும், போகும். யாரும் அதோடு பேச மாட்டார்கள். ஒரு கட்டத்தில் அது தொட்டியை இறக்கி வைத்துவிட்டு நிமிர்ந்து நின்றது. கொஞ்ச நேரத்தில் அதை உடைத்துப் போட்டுவிட்டார்கள். அந்த நிற்பு எனக்குப் பிடித்திருந்தது. தோட்டத்து வேலையாட்கள் குடியிருக்கிற எங்கள் லயத்தில் வேலை நேரத்தில் அப்படிச் சுமையை இறக்கிவிட்டு நின்ற ஒருவரையும் நான் பார்த்ததில்லை. பிடித்திருந்தது, பிற்காலத்தில் கை கொடுத்தது, செய்தேன். இதற்கு மேல் காரணம் கேட்காதீர்கள்.

எப்படிச் செய்தேன் என்று கேளுங்கள், அதைச் சொல்கிறேன். உடம்பு முழுக்க நீல பிளாஸ்டிக் பெரல், தண்ணீர் பிடித்து வைக்கிற பீப்பாய். தம்புள்ளைச் சந்தையில் வெடித்துப்போன பெரல்களை ஓரமாக எறிந்திருப்பார்கள். வீட்டுக்காரர் லொறியில் போட்டுக்கொண்டு வருவார். தகடு வளைக்கிற வித்தை எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது பிளவுஸ். ஆகவே ரோபோவுக்கும் பிளவுஸ் மாதிரியே அளவெடுத்தேன். மார்பு, தோள், முதுகு எல்லாவற்றையும் தாளில் வரைந்து வெட்டி, எங்கே டார்ட் மடிப்புப் பிடித்தால் நெஞ்சு எழும்பி நிற்கும் என்று பார்த்து, அதே போல் பெரலை வெட்டி, சூடு காட்டி வளைத்து, திருகாணி போட்டு இறுக்கினேன். முதுகுத் தொட்டி, தோட்டத்தில் மருந்து அடிக்கிற பழைய டாங்கி. கழுத்தைத் திருப்புவது லொறி வைப்பர் மோட்டார். பெரல் பிளாஸ்டிக்கில் பெயின்ட் லேசில் ஒட்டாது. சேண்ட் பேப்பரால் தேய்த்துத் தேய்த்து என் விரல் ரேகையே அழிந்துவிட்டது என்று நினைத்தேன்.

தலை, கைவிரல், மணிக்கட்டுச் சக்கரங்கள் மட்டும் த்ரீடி பிரிண்டரில் அடித்தது. மாத்தளையில் கடையை மூடிக்கொண்டு போன ஒருவரிடம் பழையதாக வாங்கிய மெஷின் அது. கம்ப்யூட்டரில் படம் வரைந்து கொடுத்தால், பிளாஸ்டிக் நூலை உருக்கி வரி வரியாகப் போட்டு உருவத்தை எழுப்பும். போன் வீடியோ பார்த்துத்தான் வரையக் கற்றுக்கொண்டேன். ஒரு பல்சக்கரத்தைச் சரியாக வரைய எனக்கு ஏழு வாரம் பிடித்தது. வெட்கப்பட்டுச் சொல்லவில்லை, பெருமையாகத்தான் சொல்கிறேன்.

அந்தப் பிளாஸ்டிக் நூலுக்கு ஈரம் ஆகாது. எங்கள் பக்கத்தில் மழை தொடங்கினால் சுவரே வேர்க்கும். ஈரம் குடித்த நூல் மெஷினுக்குள் படபடவென்று பொரியும், அச்சில் ஓட்டை விழும். இதற்கு நான் கண்டுபிடித்த வழி நாலந்தாப் பக்கம் முஸ்லிம் நானா ஒருவரின் கொட்டகை. மிளகு, கராம்பு, சாதிக்காய் எல்லாம் வாங்கிக் காயவைத்து விற்கிறவர். விறகு அடுப்பின் சூடு உள்ளே வருகிற மாதிரி ஒரு அறை கட்டி, கம்பி வலைத் தட்டுகளை அடுக்கி வைத்திருக்கிறார். அவர் மகள்மாருக்கு உடுப்பெல்லாம் நான்தான் தைப்பது. அந்த உரிமையில் நூல் சுருளைக் கொண்டுபோய் ஒரு தட்டில் வைத்துவிட்டு வருவேன். ஆனால் சாதிக்காய் காய்கிற நாளில் மட்டும். சாதிக்காய்க்கு மெல்லிய சூடுதான் வைப்பார்கள், கூடினால் அதன் எண்ணெய் இறங்கிவிடும். அந்தச் சூடு என் நூலுக்கும் அளவு. மிளகுக்கு விறகைத் தாராளமாகப் போடுவார்கள், அன்றைக்கு நான் அந்தப் பக்கமே போக மாட்டேன். துருவுக்கும் அங்கேதான் வழி கிடைத்தது. ஈர வார்னிஷ் மேல் கறுவாப்பட்டைத் தூளைத் தூவி, காய்ந்ததும் தட்டிவிட்டால் அசல் துரு. என் ரோபோ கிட்டப் போனால் கறுவா மணக்கும்.

இனி போன வருஷத்து அநியாயத்துக்கு வருகிறேன்.

மாத்தளை டவுனில் ஒரு மண்டபத்தில் வருஷத்துக்கு ஒருமுறை கைவேலைக் கண்காட்சி வைக்கிறார்கள். விமானம், கப்பல், கோவில், தேர் என்று சனங்கள் சின்னதாகச் செய்து கொண்டு வருவார்கள். போன வருஷம் நான் கொண்டுபோனது வேறொரு ரோபோ. இடுப்பளவு உயரம், சக்கரத்தில் ஓடும். வாசலில் பெயர் பதிகிறவர், "செய்தவர்?" என்று கேட்டு, என் வீட்டுக்காரரைப் பார்த்தார். நான் ரோபோவின் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தேன், விட்டால் கீழே விழும். இவர் தன் பெயரைச் சொன்னார். கேட்டால், "பேரு கேட்டாரு, சொன்னேன்" என்கிறார். அட்டையில் அவர் பெயர் ஏறியது. அதன் கீழே சின்ன எழுத்தில் "குடும்பத்தினர்" என்று போட்டார்கள். அந்தக் குடும்பத்தினர் நான்தான். ரோபோவுக்கு இரண்டாம் இடம் கொடுத்து அவரை மேடைக்குக் கூப்பிட்டார்கள். அவரும் போனார். யாரோ படம் எடுத்துப் பேஸ்புக்கில் போட்டு, அது தம்புள்ளைக்குப் போய், சந்தையில் அவருக்கு "ரோபோகாரர்" என்று பெயர் வந்துவிட்டது. கறிமிளகாய் மூட்டை ஏற்றுகிறவன்கூட, "அண்ணே, அடுத்து என்ன செய்றீங்க?" என்று கேட்கிறானாம். இவர் சிரித்து வைத்திருக்கிறார்.

கெட்ட மனுஷர் இல்லை. அதுதான் எனக்குக் கூடுதல் கோபம். குடிக்கிறவர், அடிக்கிறவர் என்றால் நாலு பேரிடம் சொல்லி அழலாம். இவர் பெரலைச் சுமந்துகொண்டு வந்து, கழுவிக் கொடுத்து, நான் சாப்பிட்டேனா என்று கேட்கிற மனுஷர். அவர் என்னிடமிருந்து எடுத்துக்கொண்டது எதுவென்று அவருக்கே தெரியவில்லை. எனக்கு வயிறு எரிந்தது. ஒரு வருஷம் எரிந்தது.

இந்த வருஷம் படிவத்தை நானே போய் வாங்கினேன். "செய்தவர்" என்ற இடத்தில் என் முழுப் பெயரையும் பெரிய எழுத்தில் எழுதினேன். "உதவி" என்ற இடத்தில் அவர் பெயரை எழுதினேன். மேசையில் வைத்தேன், அவர் பார்க்கட்டும் என்றுதான் வைத்தேன்.

பார்த்தார். இடது கையால் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"அப்ப போன வருஷம் நான் பொய் சொன்னேன்னு ஆயிடுமே."

"பொய்தானே சொன்னீங்க."

"நான் எங்க சொன்னேன்? அவங்களா நினைச்சுக்கிட்டாங்க."

"நினைச்சுக்கிட்டவங்கள ஒரு வார்த்தை திருத்தினீங்களா?"

"தம்புள்ளையில எல்லாரும் வர்றேன்னு சொல்லியிருக்காங்க புள்ள. அவனுங்க முன்னாடி எனக்கு மூஞ்சி இல்லாமப் போயிடும்."

"எனக்கு ஒரு வருஷமா இல்லீங்க. பாருங்க, உசுரோடதான் இருக்கேன்."

மூன்று நாள் அவர் என்னோடு பேசவில்லை. நானும் பேசவில்லை. ரோபோவின் தலைக்கு மஞ்சள் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தேன். அடைமழை. பெயின்ட் காயாமல் பிசுபிசுவென்று நின்றது, தொட்டால் விரல் பதிந்தது. கண்காட்சிக்கு ஒன்பது நாள்தான் இருந்தது. தலை காய்ந்தால்தான் மேலே கறுப்புப் பூசித் துடைத்து, துரு வைத்து, கண்ணுக்கு பல்ப் பொருத்த முடியும்.

நாலாம் நாள் ஒரு கல்யாண வீட்டுக்கு பிளவுஸ் கொடுக்க டவுனுக்குப் போனேன். திரும்பி வரும்போது லொறி வாசலில் நின்றது. பகலில் அவர் வீட்டில் இருக்கிற நாளே இல்லை. உள்ளே போனால் கட்டிலில் உட்கார்ந்திருக்கிறார், மடியில் அவர் சட்டையால் சுற்றிய எதையோ வைத்துக்கொண்டு.

"கோவிச்சுக்காத," என்றார். மூன்று நாளைக்குப் பிறகு பேசிய முதல் வார்த்தை அது.

சட்டையை விலக்கினேன். என் ரோபோவின் தலை. இடது கன்னம் அப்படியே இறங்கித் தாடைக்குக் கீழே தொங்கியது. இடது கண் சாய்ந்து நீண்டுபோயிருந்தது. கன்னம் முழுக்கக் கட்டம் கட்டமாகக் கம்பி வலையின் அச்சு. வலது பக்கம் ஒன்றுமே ஆகவில்லை.

"என்னங்க இது?"

"பெயின்ட் காய மாட்டேங்குதுன்னு நீ அல்லாடிக்கிட்டு இருந்தியா, அதான் காய வச்சுக் குடுப்போம்னு..."

"எங்க வச்சீங்க?"

"நானா கொட்டகையிலதான். நீ வைக்கிற எடம்தானே?"

"இன்னைக்கு உள்ளே என்ன காயுது?"

அவர் சட்டையை மோந்து பார்த்தார்.

"மிளகு."

நான் என்ன பேசினேன் என்று இங்கே எழுத முடியாது. அடுத்த வீட்டு அக்கா கதவைச் சாத்திக்கொண்டார், அவ்வளவு பேசினேன். ஆனால் கத்திக்கொண்டிருக்கும்போதே வேறொரு நினைப்பு வந்தது. வந்ததை மறைக்காமல் கேட்டேன்.

"வேணும்னே செஞ்சீங்களா?"

அவர் ரோபோவின் தலையை மேசையில் வைத்தார். எழுந்து பின்பக்கம் போய்விட்டார். அங்கே பீலிக் குழாயில் கொட்டுகிற தண்ணீரில் முகத்தைக் கழுவிக்கொண்டே நின்றார். கழுவி முடியவே இல்லை. ஒரு மனுஷன் அவ்வளவு நேரம் முகம் கழுவ மாட்டான் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் போய்ச் சமாதானம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. என் தலை மேசையில் கிடந்தது.

மறுநாள் காலையில் நானாவே மோட்டார் சைக்கிளில் வந்துவிட்டார். வாசலிலேயே நின்று, "தங்கச்சி, அவர் மேல ஒரு பிழையும் இல்ல. விறகைக் கூட்டிப் போட்டது நான்தான். அல்லாஹ் மேல சத்தியமா, அது உருகுற சாமான்னு எனக்குத் தெரியாது. அவர் அதக் கொழந்தப் புள்ளையத் தூக்கிட்டு வர்ற மாதிரில்ல தூக்கிட்டு வந்தாரு" என்றார். நான் அவருக்கு பிளேன்டீ கொடுத்தேன். கோபம் நானா மேல் இல்லை, மிளகு மேலும் இல்லை. நான் சாதிக்காய் நாளைப் பார்த்துத்தான் வைக்கிறேன் என்பதை இத்தனை காலமும் வீட்டுக்காரர் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். செய்தவர் என்று பெயர் மட்டும் போட்டுக்கொண்டால் இது தெரிய வருமா? இதைத்தான் அவரிடம் சொன்னேன், இந்தத் தடவை கத்தாமல் சொன்னேன். தலையை ஆட்டினார்.

புதுத் தலை அடிக்க நூல் இல்லை. நூல் இருந்தாலும் இரண்டு நாளுக்கு மேல் மெஷின் ஓட வேண்டும், நடுவில் கரண்ட் போனால் எல்லாம் குப்பை. சூடு காட்டி நிமிர்த்திப் பார்த்தேன், காது பக்கம் சுருங்க ஆரம்பித்தது. விட்டுவிட்டேன். ஒரு நாள் முழுக்க அதைப் பார்த்துக்கொண்டே மூன்று பாவாடை தைத்தேன். பிறகு, சரி, சுரங்கத்தில் வேலை செய்கிற ரோபோதானே, நெருப்புக்குள் போய்வந்தது என்று வைத்துக்கொள்வோம் என்று தூரிகையை எடுத்தேன். கம்பி வலை அச்சுக்குள் கறுப்பை இறக்கித் துடைத்தேன். தொங்கிய கன்னத்தின் ஓரத்தில் மஞ்சள் கருகி உரிந்தது போல் சாம்பல் நிறம் கொடுத்தேன். கறுவாத் துரு வைத்தேன். நன்றாக வந்ததா? வந்தது. முன்பு இருந்ததைவிட நன்றாக வந்ததா? இல்லை. அடிபட்டதெல்லாம் அழகு என்று சொல்கிற ஆள் நானில்லை. எனக்கு என் பழைய கன்னம்தான் வேண்டும். கிடைக்காது என்பதால் இதைக் கொண்டுபோனேன்.

கண்காட்சி அன்று லொறியில் ரோபோவை நிற்கவைத்துக் கட்டி, நான் பக்கத்தில் நின்றுகொண்டு போனேன். முன் சீட்டில் உட்காரச் சொன்னார். மாட்டேன் என்றேன். பலாபத்வலைச் சந்தியில் பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

அட்டையில் என் பெயர் இருந்தது. மண்டபத்துக்குள் போனவுடன் முதலில் அதைத்தான் பார்த்தேன். "உதவி" என்ற இடத்தில் அவர் பெயர். அவரும் அதைப் பார்த்தார். தம்புள்ளையிலிருந்து ஐந்தாறு பேர் வந்திருந்தார்கள். ஒருவர் அட்டையை வாசித்துவிட்டு, "என்னண்ணே, இந்த வாட்டி அண்ணி பேர்ல போட்டுட்டீங்க?" என்று கேட்டார். இவர் எதையோ முணுமுணுத்தார். எனக்குக் கேட்கவில்லை.

நடுவர்கள் மூன்று பேர் வந்தார்கள். இரண்டு பேர் எழுதிக்கொள்கிறவர்கள், பேசியது நடுவில் வந்த பெரியவர் ஒருவர்தான். தமிழும் சிங்களமும் கலந்து பேசினார். அட்டையை வாசித்தார், என் பெயரைச் சத்தமாகவே வாசித்தார். வாசித்துவிட்டு என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பி, "கழுத்துக்கு என்ன மோட்டார்?" என்று கேட்டார்.

"லொறி வைப்பர் மோட்டார்," என்றேன் நான்.

"ஆ, நல்லது," என்று அவரைப் பார்த்துச் சொன்னார். "மணிக்கட்டு இவ்வளவு மெதுவாத் திரும்புதே, எப்படி?"

"நாலு பல்சக்கரம், ஒண்ணோட ஒண்ணு கடிச்சு ஓடுது. கடைசிச் சக்கரத்துக்குப் பல்லு கூட," என்றேன்.

"நல்ல யோசனை," என்று மறுபடியும் அவரிடம் சொன்னார். பக்கத்தில் இருந்தவர் எழுதிக்கொண்டார். நான் பேசுகிறேன், பதில் அங்கே போகிறது. என் சத்தம் அவருடைய வாயிலிருந்து வருகிறது என்று நினைத்துவிட்டார்களா என்ன! காது இரண்டும் சுட்டது எனக்கு.

பெரியவர் நிமிர்ந்து ரோபோவின் தலையைப் பார்த்தார். "இந்தக் கன்னம் ஏன் இப்படித் தொங்குது? அந்த இங்கிலீஷ் படத்துல வர்ற ரோபோவுக்கு இப்படி இல்லையே."

நான் வாயைத் திறக்கும் முன்னே வீட்டுக்காரர் பேசினார். தம்புள்ளைக்காரர்கள் எல்லோரும் நின்றார்கள். அவர்களுக்கும் கேட்கிற மாதிரிதான் பேசினார்.

"ஐயா, இதுல நான் செஞ்சது அந்தக் கன்னம் ஒண்ணுதாங்க. மிளகு காயிற அறையில வச்சு உருக்கிட்டேன். மத்ததெல்லாம் இவ செஞ்சது. போன வருஷம் கொண்டு வந்ததும் இவதான் செஞ்சது. நான் பெரல் தூக்குனேன், அவ்வளவுதான்."

எனக்குத் தெரியும், அவ்வளவு பேர் முன்னால் அதைச் சொல்ல அவருக்கு என்ன ஆகியிருக்கும் என்று. சும்மா சொல்லக்கூடாது, அந்த நிமிஷம் எனக்கு அவர் மேலிருந்த கோபமெல்லாம் இறங்கிவிட்டது.

பெரியவர் சிரித்தார். வாய்விட்டுச் சிரித்து, என் வீட்டுக்காரரின் தோளில் தட்டினார்.

"பாருங்க! பொண்டாட்டிக்காக இப்படி விட்டுக்குடுக்கிற மனுஷன் இந்தக் காலத்துல எங்க இருக்கான்?"

எல்லோரும் சிரித்தார்கள். தம்புள்ளைக்காரர்களும் சிரித்தார்கள். ஒருவர் கைகூடத் தட்டினார்.

"இல்லீங்க ஐயா, உண்மையாத்தான் சொல்றேன்," என்றார் இவர்.

"தெரியும், தெரியும்," என்று பெரியவர் இன்னொரு தடவை தட்டினார். "நீங்க ரொம்பக் குடுத்து வச்சவங்க, மகள்." இது எனக்கு.

நான் என் வீட்டுக்காரரின் முகத்தைப் பார்த்தேன். உண்மையைச் சொல்லி, அது பெருந்தன்மையாகிப் போன மனுஷனின் முகம். எதைச் சொன்னாலும் எடுபடாத இடத்தில் நிற்பது எப்படி இருக்கும் என்று அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. எனக்குப் பாவமாகவும் இருந்தது, நன்றாகப் படட்டும் என்றும் இருந்தது. இரண்டும்தான். நடுவர்கள் அடுத்த மேசையில் இருந்த கப்பலுக்குப் போய்விட்டார்கள்.

நான் குந்தி, பையைத் திறந்து திருப்புளியை எடுத்தேன்.

"என்ன செய்யப்போற?" என்றார் அவர்.

"பிடிங்க, தலையை இறக்கணும்."

ஒரு கேள்வி கேட்கவில்லை அவர். பிடித்தார். தலையை இறக்கி, கொண்டுவந்த சாக்கை விரித்து அதன் மேல் வைத்தேன். கழுத்து மோட்டாரைக் கழற்றினேன். முதுகு டாங்கி, தோள் இரண்டும், நெஞ்சு, அதன் உள்ளே இருந்த வயர்க் கூடு. நெஞ்சைக் கவிழ்த்து வைத்தேன், உள்பக்கம் டார்ட் பிடித்த இடமெல்லாம் என் சோக்குக்கட்டிக் கோடு அப்படியே இருந்தது. மணிக்கட்டைத் திறந்து நாலு சக்கரத்தையும் அளவு வாரியாக வரிசை வைத்தேன். விரல்களை மூட்டு மூட்டாகக் கழற்றினேன். சுற்றி ஆட்கள் கூடினார்கள். கப்பலைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களும் வந்தார்கள். "ஐயோ, பழுதாப் போச்சா?" என்று ஒரு பொம்பளை கேட்டார். "பழுதாகல அக்கா, காட்டுறேன்," என்றேன். பிளவுஸ் தையலைப் பிரிக்கிற மாதிரி, எது முதலில், எது அடுத்தது என்று கை தானாகப் போனது.

ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். நாலு மணிக்கு எல்லாப் படைப்பும் முழுசாக நிற்க வேண்டும், நிற்காததற்குப் புள்ளி இல்லை. நாலு மணிக்கு என் ரோபோவின் கால் இரண்டு மட்டும் நின்றது. மீதி என்னைச் சுற்றித் தரையில் கிடந்தது. நான் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தேன்.

பெரியவர் ஓடாத குறையாக வந்தார். "என்ன இது? சீக்கிரம் எல்லாத்தையும் சேத்துப் பூட்டுங்க. பத்து நிமிஷம் தர்றேன்," என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னார். இரண்டாம் இடம் உறுதியாக இருந்ததாம், பிறகு யாரோ சொன்னார்கள். முதலிடமாகக்கூட இருக்கலாமாம். அந்தப் பரிசைக் கப்பல் கொண்டுபோனது. நல்ல கப்பல்தான்.

வீட்டுக்காரர் பெரியவரைப் பார்க்கவில்லை. திரும்பி, மண்டபத்து ஜன்னல் பக்கம் போய், எங்கள் எல்லோருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு வெளியே பார்த்தபடி நின்றுவிட்டார். பெரியவர் இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். பதில் சொல்ல என்னைத் தவிர அங்கே யாரும் இல்லை.

"பூட்ட மாட்டேங்க ஐயா," என்றேன். "இதுதான் நான் செஞ்சது. எல்லாத்தையும் விரிச்சு வச்சிருக்கேன். எது வேணும்னாலும் எடுத்துக் கேளுங்க."

அவர் தரையில் கிடந்ததையெல்லாம் ஒருமுறை பார்த்தார். முகம் சிவந்திருந்தது. போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். போகவில்லை. காற்சட்டையை முழங்காலில் இழுத்துவிட்டுக்கொண்டு, மெதுவாக, முழங்கால் நெட்டி முறிகிற சத்தத்தோடு என் எதிரே தரையில் குந்தினார். மணிக்கட்டுச் சக்கரங்களில் சின்னதை எடுத்து, கண்ணாடிக்குக் கிட்டே பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுக்கு எத்தனை பல்லு?" என்று கேட்டார். என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

இப்படி ஒரு கேள்விக்காக ஒரு வருஷம் நான் நின்றிருக்கிறேன். அவர் கொஞ்சம் குந்தியிருக்கட்டும் என்று, பதிலை உடனே சொல்லவில்லை.